மகிழ்நன் ஐயா சாப்பிடாத மாத்திரை

மாலைப் பார்வையாளர் நேரம் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் எங்கள் வார்டின் ஜன்னலோரக் கட்டிலைச் சுற்றி ஒரு சிறு மாநாடே கூடிவிட்டது.

ஒரு நோயாளிக்கு இத்தனை பேர்தான் என்று கீழே வாசலில் கணக்குப் பார்த்துத்தான் விடுவார்கள். இவர்கள் எப்படி மேலே வந்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆளுக்கொரு பழக்கூடை வேறு. மேசையில் இடமில்லாமல் ஆரஞ்சுப் பழங்கள் சக்கர நாற்காலியில் ஏறி உட்கார்ந்திருந்தன.

கட்டிலில் கிடந்தவர் மகிழ்நன் ஐயா. கையில் கட்டிய பட்டையில் ராமையா என்றுதான் இருந்தது. மகிழ்நன் என்பது அவர் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட மேடைப் பெயர். (இரண்டு பெயர்களையும் நான் மாற்றியிருக்கிறேன். உண்மையிலேயே ஒரு மகிழ்நன் எங்காவது இருந்தால் மன்னிக்கவும்.) பஸ் டிப்போவில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பிறகு தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஆனார். சிங்கப்பூரில் ஈசூனிலிருந்து சுவா சூ காங் வரை அவர் பேசாத சமூக மன்றம் இல்லை. தலைப்பு எப்போதும் ஒன்றுதான்: மனசே மருந்து.

அன்று அந்த மனசு என்ன செய்துகொண்டிருந்ததோ, உடம்பு அதன் பேச்சைக் கேட்கவில்லை. வியர்வையில் ஆஸ்பத்திரி உடுப்பு முதுகோடு ஒட்டியிருந்தது. கைகள் நடுங்கின. காய்ச்சல். வயிற்றுப்போக்கு. கண்மணிகள் இரண்டும் இருட்டில் விரிவதுபோல் பளிச்சென்ற விளக்கு வெளிச்சத்திலும் விரிந்து கிடந்தன. படுத்தால் எழுந்தார், எழுந்தால் இறங்கப் பார்த்தார்.

"மைக்கு எங்கம்மா? மைக்க ஆன் பண்ணுங்க லா," என்றார் என்னிடம்.

தலைவலிக்குக்கூட

"ஐயா என்னென்ன மருந்து சாப்பிடுவாரு?" என்று பொதுவாகக் கேட்டேன்.

மனைவி கமலா வாயைத் திறக்குமுன் செயலாளர் பதில் சொல்லிவிட்டார். எந்த அமைப்பின் செயலாளர் என்பது எனக்கு நினைவில்லை. அவர் ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புகளில் இருந்திருப்பார்.

"ஐயாவா? மருந்தா? மிஸ்ஸி, அவரு இரும்பு மனுஷர். தலைவலிக்குக்கூட பனடோல் தொட மாட்டாரு. போன மாசம் முதுகு பிடிச்சிக்கிட்டப்பகூட நாங்கதான் வற்புறுத்தி கிளினிக்குக்கு அனுப்பினோம்."

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். கமலா அக்காவும் தலையாட்டினார். மற்றவர்களைவிட ஒரு நொடி தாமதமாக.

சிங்கப்பூரில் தாதியை இன்னமும் மிஸ்ஸி என்று கூப்பிடும் தலைமுறை அது. எனக்கு ஆட்சேபணை இல்லை. பாதி ஆயுள் அந்தப் பெயரில்தான் கழிந்திருக்கிறது.

டாக்டர் டான் வந்தார். வயது முப்பதைத் தொட்டிருக்காது. ஆனால் அவசரப்படாத கை. போர்வையை விலக்கி, மகிழ்நன் ஐயாவின் பாதத்தை மேல்நோக்கிச் சட்டென்று ஒரு தள்ளு தள்ளிப் பிடித்தார். பாதம் தையல் மிஷின் மிதிப்பதுபோல் தானாகவே அடித்துக்கொண்டது. நிற்கவில்லை.

என்னை ஓரமாக அழைத்துத் தாழ்ந்த குரலில் ஆங்கிலத்தில் பேசினார். கிளினிக்கில் முதுகுவலிக்கு டிராமடால் கொடுத்திருக்கிறார்கள். அது கணினியில் தெரிகிறது. அது மட்டும் இப்படிச் செய்யாது. மனச்சோர்வுக்கு ஏதாவது மாத்திரை கூடவே எடுத்துக்கொள்கிறாரா? பதிவில் ஒன்றுமில்லை. "நீங்கள் தமிழில் கேட்டுப் பாருங்கள். பதில் தெரியும்வரை அந்த வலி மாத்திரையை நிறுத்தி வையுங்கள்."

அந்த மாத்திரை என் தள்ளுவண்டியில் ஒரு சின்னக் கோப்பையில் தயாராக இருந்தது. எடுத்து உள்ளே வைத்துப் பூட்டினேன்.

மனச்சோர்வு மாத்திரைகள் பல, உடம்பில் செரோடோனின் என்ற ஒன்றைக் கூட்டுகின்றன. டிராமடாலும் அதையே செய்யும். சில இருமல் மருந்துகளும் செய்யும். ஒவ்வொன்றும் தனியாக இருக்கும்போது பெரும்பாலும் சாது. ஒன்றாகச் சேர்ந்தால் சில சமயம் உடம்பின் எல்லா சுவிட்சுகளும் ஒரே நேரத்தில் போடப்பட்டதுபோல் ஆகிவிடும். நடுக்கம், வியர்வை, காய்ச்சல், குழப்பம். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம்.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. கேட்க வேண்டிய இடமோ, அவருடைய ரசிகர் மன்றத்தின் நடுவே.

எதிர்ப்பியா, முறிப்பானா

இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகி, நர்ஸ் வேலையில் எது ரொம்பக் கஷ்டம் என்று கேட்டிருந்தார். ஊசி, இரத்தம், இரவு வேலை என்று எதிர்பார்த்திருப்பார். என்னைக் கேட்டால், கேள்வி கேட்பதுதான்.

நம் மொழியில் அந்தக் கேள்விக்கு வார்த்தை கிடைப்பதே சிரமம். ஒரு முறை இந்த மாத்திரைகளைப் பற்றிய கையேட்டின் தமிழைச் சரிபார்த்துத் தரச் சொன்னார்கள். 'மனச்சோர்வு எதிர்ப்பி' என்று மொழிபெயர்த்திருந்தார்கள். கொசு எதிர்ப்பி மாதிரி இருக்கிறதே, கையில் காலில் தடவிக்கொள்வார்களோ என்று கேட்டேன். திருத்தி அனுப்பினார்கள். இம்முறை 'மனச்சோர்வு முறிப்பான்'. பாம்பு கடித்தவருக்குக் கொடுப்பதுபோல் இருந்தது. கடைசியில் 'மனச்சோர்வுக்கான மருந்து' என்று போட்டால் என்ன என்றேன். அவ்வளவு எளிதாக இருந்தால் மொழிபெயர்ப்பு மாதிரி தெரியாதே என்று தயங்கினார்கள்.

வார்டில் யாரும் மனச்சோர்வு என்று சொல்லி நான் கேட்டதில்லை. டென்ஷன் என்பார்கள். மூட் சரியில்லை என்பார்கள். உடம்பெல்லாம் வலி, சாப்பாடு இறங்கல என்பார்கள். ஒரு அண்ணன் தனக்கு 'கேஸ்' என்று வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். வாயு மாத்திரை அத்தனையும் சாப்பிட்டுப் பார்த்துவிட்டார். மனைவி இறந்ததிலிருந்து அவருக்கு அந்த வாயு.

பெட்பேன்

கூட்டத்தை வெளியே போகச் சொன்னால் போகாது. "நாங்க குடும்பம் மாதிரி மிஸ்ஸி" என்பார்கள். அதனால் நான் யாரையும் போகச் சொல்லவில்லை. கையுறையைப் போட்டுக்கொண்டு, கொஞ்சம் சத்தமாக, "ஐயாவுக்கு பெட்பேன் வைக்கப் போறேன்," என்றேன்.

படுத்தபடியே மலம் கழிக்க வைக்கும் தட்டு அது. பேரைக் கேட்டதும் இரும்பு மனிதரின் அன்பர்கள் லிப்டை நோக்கி விரைந்தார்கள். செயலாளர்தான் முதலில்.

திரையை இழுத்தேன். கமலா அக்கா மட்டும் நின்றார். நெற்றியில் பொட்டு கலைந்திருந்தது. கைப்பையை இரண்டு கைகளாலும் வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"அக்கா, வீட்ல அவரு வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறாரா?"

"ஒண்ணும் இல்ல மிஸ்ஸி."

"மனசுக்கு, தூக்கத்துக்கு, அப்படி ஏதாவது?"

"அவருக்கு எதுக்கு மிஸ்ஸி? அவருதான் ஊருக்கே சொல்றவரு."

நான் போர்வையை விலக்கினேன். டாக்டர் செய்ததுபோலவே பாதத்தைத் தள்ளிப் பிடித்தேன். அது துடித்தது. கமலா அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அக்கா, நான் செயலாளர்கிட்ட சொல்ல மாட்டேன். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், டாக்டரத் தவிர. முதுகுவலி மாத்திரையும் வேற ஏதோ ஒரு மாத்திரையும் உள்ள சேர்ந்திருக்குன்னு டாக்டர் நினைக்கிறாங்க. எதுன்னு தெரிஞ்சா இத இறக்கலாம். தெரியலன்னா, காய்ச்சலா, கிருமியான்னு தேடிக்கிட்டே இருப்போம். அதுக்குள்ள இவரு தாங்கணும்."

அவர் கணவரின் முகத்தைப் பார்த்தார். மகிழ்நன் ஐயா கூரையைப் பார்த்து யாருக்கோ வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சொன்னா அவரு என்னை மன்னிக்க மாட்டாரு மிஸ்ஸி."

"உயிரோட இருந்து மன்னிக்காம இருக்கட்டும் அக்கா."

கைப்பையைத் திறந்தார். உள்ளிருந்து மூக்குக் கண்ணாடிக் கூடு ஒன்றை எடுத்தார். கூட்டுக்குள் கண்ணாடி இல்லை. செர்ட்ரலின் மாத்திரை அட்டை ஒன்று நான்காக மடிக்கப்பட்டு இருந்தது.

"ரெண்டு வருஷமா," என்றார். "ஜொகூர் டாக்டர். இருமலுக்குன்னு கடையில ஒரு மருந்தும் வாங்கிக் குடிச்சாரு. நான் கிளினிக்ல சொல்லுங்கன்னு சொன்னேன். முதுகுவலிக்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம்னாரு."

அப்போதுதான் அழுதார். நான் அட்டையோடு டாக்டரிடம் ஓடினேன்.

மூன்று மருந்துகளும் நின்றன. டிரிப்ஸ் ஏறியது. தசை இறுக்கத்தையும் படபடப்பையும் அடக்க ஊசி. காய்ச்சல், இரத்த அழுத்தம், நாடி என்று மாறி மாறிப் பார்த்தோம். நான் வேலை முடிந்து கிளம்பும்போதும் அவர் மைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆனால் கால் துடிப்பு சற்று மட்டுப்பட்டிருந்தது.

லிப்ட் அருகே செயலாளர் காத்திருந்தார். "என்ன மிஸ்ஸி, டெங்கியா?"

"டாக்டர் பாத்துக்கிட்டிருக்காங்க," என்றேன்.

நான் மறுக்கவில்லை என்பதே போதுமானதாக இருந்தது. மறுநாள் வாட்ஸ்அப் குழு முழுக்க டெங்கி. பார்வையாளர் நேரத்தில் பப்பாளி இலைச் சாறு பிளாஸ்குகளில் வந்து இறங்கியது. அத்தனையையும் திருப்பி அனுப்புவதற்குள் எனக்கே காய்ச்சல் வரும்போல் ஆகிவிட்டது.

பல் டாக்டரைப் பார்க்க வந்தவர்கள்

ஓரிரு நாளில் தெளிந்தார். தெளிந்ததும் முதலில் மனைவியைப் பார்த்து, "சொல்லிட்டியா?" என்றார்.

"சொல்லிட்டேன்."

அன்று முழுவதும் போர்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்தார். 

அடுத்த நாள் நான் இரத்த அழுத்தம் பார்க்கும்போது அவரே தொடங்கினார்.

"ஏன் ஜொகூர் போனேன்னு கேக்க மாட்டியாம்மா?"

"சொன்னா கேக்குறேன் ஐயா."

இங்கே எந்தக் கிளினிக்கிலும் காத்திருக்கும் இடத்தில் அவர் பேச்சைக் கேட்டவர் ஒருவராவது இருப்பார். அதனால் கடற்பாலம் தாண்டி மலேசியாவுக்குப் போனாராம். பஸ்ஸில் ஏறினால் பாதிப் பேர் தெரிந்த முகம். மீன் வாங்கப் போறேன், முடி வெட்டப் போறேன் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லித் தப்பித்திருக்கிறார்.

"ஒரு நாள் அந்த டாக்டரோட வெயிட்டிங் ரூம்ல உட்கார்ந்திருக்கேன். எதிர்ல யாருன்னு நினைக்கிற? சிராங்கூன் ரோட்டுல துணிக்கடை வச்சிருக்காரே, என் பேச்சுக்கு எப்பவும் முன்வரிசையில உட்காருவாரு, அவரு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துட்டோம்."

"அப்புறம்?"

"அவரு, 'பல் டாக்டர்னு நினைச்சு வந்துட்டேன் ஐயா'ன்னாரு. நானும் அப்படித்தான்னேன். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பல்லைப் பத்திப் பேசினோம். எந்திரிச்சுத்தான் போகல."

சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எப்போது ஆரம்பித்தது என்று கேட்டேன். காரணம் ஒன்றும் இல்லை என்றார். வீடு இருக்கிறது, பிள்ளை நன்றாக இருக்கிறான், மாலையெல்லாம் போடுகிறார்கள். ஆனால் காலையில் எழுந்து பல் விளக்குவதற்கே யாரோ முதுகில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்குமாம். மேடையில் ஏறினால் அந்தப் பாரம் ஒரு மணி நேரம் இறங்கிவிடும். இறங்கி வந்தால் மறுபடியும் ஏறிக்கொள்ளும்.

"ஊருக்கு மனசே மருந்துன்னு சொல்லிட்டு, நான் மருந்தே மருந்துன்னு இருக்கேன்," என்றார். "இனிமே இத தொடவே மாட்டேன். ஒரேயடியா விட்டுடறேன்."

நாக்கைத் தூக்குங்க

என் முதல் வேலை மனநல வார்டில். மாத்திரையைக் கொடுத்துவிட்டு, வாயைத் திறங்க, நாக்கைத் தூக்குங்க என்று பார்க்க வேண்டும். சிலர் விழுங்கியதுபோல் விழுங்கிக் கன்னத்தில் ஒதுக்கிவிடுவார்கள். இப்படி ஒளித்துச் சேர்த்துவைத்து மொத்தமாக விழுங்கிவிட்டால்? அந்தப் பயம் எங்களுக்கு எப்போதும் உண்டு.

அங்கே ஒரு சீனப் பாட்டியம்மா இருந்தார். நாக்கின் அடியில் ஒன்றும் இருக்காது. கன்னம் சுத்தம். ஆனால் அவர் தேறவே இல்லை. ஒரு நாள் தலை வாரிவிடும்போது கொண்டையிலிருந்து மாத்திரைகள் உதிர்ந்தன. ஏன் இப்படி என்று அரைகுறை மலாய் மொழியில் கேட்டேன். "நல்லாயிட்டா வீட்டுக்கு அனுப்பிடுவீங்க. அங்க யாரு எனக்குத் தலை வாரி விடுவா?" என்றார்.

மாத்திரை சாப்பிடாததற்கு எல்லாரிடமும் ஒரு காரணம் இருக்கிறது. பலமுறை நல்ல காரணமாகவே இருக்கிறது. அதுதான் தொல்லை.

மகிழ்நன் ஐயாவின் காரணமும் நல்லதுதான். ஆனால் மனநல மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, உடம்பு முழுவதும் அடங்கிய பிறகு குறைந்த அளவில் மறுபடி தொடங்கலாம் என்றார். ஐயா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மருத்துவர் போனதும் கமலா அக்கா என்னைப் பார்த்தார்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"ஐயா, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுறவர மேடையில திட்டுவீங்களா?"

"அது வேற."

"எப்படி வேற?"

தலையணையைத் தட்டிச் சரிசெய்தார். மனசே மருந்து பேச்சில் இந்த இடத்துக்குக் குறிப்பு எடுத்து வைக்கவில்லை போலும்.

சொல்ல வேண்டியதை இருவருக்கும் சேர்த்தே சொன்னேன். இது இன்று சாப்பிட்டு நாளைக்குச் சிரிக்கிற மாத்திரை கிடையாது. சில வாரம் ஆகும். முதலில் வயிற்றைப் பிரட்டலாம், தூக்கம் மாறலாம். நன்றாகிவிட்டது என்று தோன்றுகிற நாளில் தானாக நிறுத்தக் கூடாது. திடீரென்று விட்டால் தலைசுற்றும், மண்டைக்குள் கரண்ட் அடிப்பதுபோல் இருக்கும். நிறுத்துவதானால் டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். பல் டாக்டர், சீன மருந்துக் கடை, இருமல் மருந்து, நண்பர் கொடுத்த சூரணம், எதுவானாலும் இந்த மாத்திரையின் பெயரை முதலில் சொல்ல வேண்டும்.

அக்காவிடம் தனியாக ஒன்று சொன்னேன். முதல் சில வாரம் பக்கத்திலேயே இருங்கள். மனசு தேறுவதற்கு முன்னால் உடம்பில் தெம்பு வந்துவிடும். அந்த இடைவெளியில்தான் ஆபத்து. சாவைப் பற்றிப் பேசினாலோ, படபடப்பாக இருந்தாலோ, யோசிக்காமல் கூப்பிடுங்கள்.

"கேக்கலாமா மிஸ்ஸி? அப்படித் தோணுதான்னு அவர்கிட்டயே? கேட்டா நானே ஞாபகப்படுத்தின மாதிரி ஆயிடாதா?"

"கேக்கலாம் அக்கா. கேட்டதால யாருக்கும் அந்த எண்ணம் வராது. கேக்கறதுக்கு ஒருத்தர் இருக்காங்கன்னுதான் தெரியும்."

வீட்டுக்குப் போகும் நாளில் மகிழ்நன் ஐயா செயலாளரின் காரில் ஏறினார். "டெங்கியையே ஜெயிச்சிட்டீங்க ஐயா," என்றார் செயலாளர். ஐயா என்னைப் பார்த்தார். நான் சக்கர நாற்காலியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

கேள்வி நேரம்

சில மாதங்கள் கழித்து வார்டுக்குத் தொலைபேசியில் கமலா அக்கா. ஐயா மறுபடி பேசுகிறார், ஈசூனில், வந்தே ஆக வேண்டும். போனேன். மேடையில் பதாகை: மனசே மருந்து. ஓரத்து மேசையில், கூட்டம் முடிந்து சாப்பிட, பீஹூனும் கறிபப்பும் மூடி வைத்திருந்தார்கள். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. இத்தனை பாடுபட்டும் தலைப்புகூட மாறவில்லையே!

பேச்சும் பழைய பேச்சுதான். அதே நகைச்சுவை, அதே இடத்தில் கைதட்டல். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, "தினம் ஒழுங்கா சாப்பிடுறாரு," என்று காதோடு சொன்னார். நல்லது, மேடைக்கு ஒருவர், வீட்டுக்கு ஒருவர் என்று நினைத்துக்கொண்டேன்.

கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு பெண்மணி எழுந்தார். வேலையிலிருந்து நேராக வந்தவர்போல் கழுத்தில் அலுவலக அட்டை தொங்கியது.

"ஐயா, என் மக பாலிடெக்னிக்ல படிக்கிறா. டிப்ரெஷன்னு சொல்லி டாக்டர் மாத்திரை கொடுத்திருக்காங்க. சாப்பிட ஆரம்பிச்சதுலேர்ந்து கொஞ்சம் பரவால்ல. இப்ப உங்க வீடியோ பாத்துட்டு, 'அம்மா, மனசே மருந்துன்னு சொல்றாரு, நான் நிறுத்திடப் போறேன்'ங்கறா. அதான் கேக்க வந்தேன். நிறுத்திடலாமா?"

செயலாளர் மைக்கை எட்டி வாங்கி, "நல்ல கேள்வி, நேரம் கருதி" என்று தொடங்கினார். மகிழ்நன் ஐயா மைக்கைத் திருப்பி வாங்கிக்கொண்டார். தண்ணீர் குடித்தார். கமலா அக்காவின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

"நிறுத்தக் கூடாதும்மா," என்றார். "டாக்டரக் கேக்காம நிறுத்தவே கூடாது."

"அப்ப நீங்க பேசுறது?"

"நான் பாதிதான் பேசினேன். மீதிய மறைச்சிட்டேன். நானும் அந்த மாதிரி மாத்திரைதான் சாப்பிடுறேன்."

மண்டபம் சிரித்தது. அவருடைய நகைச்சுவைக்குப் பழகிய கூட்டம். செயலாளர் கைதட்டினார். ஐயா சிரிக்கவில்லை. மைக்கைப் பிடித்தபடி நின்றார். சிரிப்பு வரிசை வரிசையாக அடங்கியது. முன்வரிசையில் சிலர் தரையைப் பார்த்தார்கள்.

அந்தப் பெண்மணி மட்டும் ஆரம்பத்திலிருந்தே சிரிக்கவில்லை. இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, நீங்க அத காலையில சாப்பிடுறீங்களா, ராத்திரியா?"

"காலையில. பசியாறின பிறகு."

"அவ ராத்திரி சாப்பிடுறா. தூக்கமே வரலங்கறா."

"டாக்டர்கிட்ட அத சொல்லுங்கம்மா. காலையில மாத்திக்கலாமான்னு கேளுங்க. எனக்கு அப்படித்தான் மாத்திக் கொடுத்தாங்க."

அந்தப் பெண்மணி தலையாட்டினார். உட்காரவில்லை. நின்றபடியே கைப்பேசியை எடுத்து மகளுக்கு எழுதத் தொடங்கினார். அவர் எழுதி முடிக்கும்வரை மகிழ்நன் ஐயா அடுத்த கேள்விக்குப் போகாமல் காத்திருந்தார்.